'சொல்லியிருக்கலாம்' என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாகச் சொல்வது?

கேள்வி இது. கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் வேலை பார்க்கும் தங்கச்சி ஒருவர், வாடிக்கையாளர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் "இஃப் யூ வுட் ஹாவ் இன்ஃபோர்ம்ட் அஸ் ஏர்லியர், வீ வுட் ஹாவ் ஹெல்ப்ட் யூ" என்று எழுதியிருக்கிறார். முகாமையாளர் முதல் 'வுட் ஹாவ்'ஐச் சிவப்புப் பேனாவால் சுழித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாவதைத் தொடவே இல்லை. "ஒரே சொல் ஓரிடத்தில் பிழை, ஓரிடத்தில் சரி. ஏன்? குட் ஹாவ், மைட் ஹாவ், ஷுட் ஹாவ் எல்லாம் எங்கே வரும்? சாதாரண தரத்தில் படித்தது ஒன்றும் ஞாபகம் இல்லை" என்று கேட்கிறார்.

தங்கச்சி, ஆங்கில வாக்கியங்களை நம் எழுத்திலேயே எழுதிப் போகிறேன். வாய்விட்டுப் படியுங்கள். இந்த விஷயத்தில் பாதிப் பிழை காதால் வருவது, அதனால் காதாலேயே திருத்துவது சுகம்.

உங்கள் வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். "நீங்கள் முந்தியே சொல்லியிருந்தால், நாங்கள் உதவியிருப்போம்." இரண்டு பக்கமும் ஒரு 'இரு' இருக்கிறது. ஆனால் ஒரு பக்கம் 'இருந்தால்', மறுபக்கம் 'இருப்போம்'. ஆங்கிலமும் இதையேதான் செய்கிறது. இருந்தால் என்பதற்கு 'ஹாட்', இருப்போம் என்பதற்கு 'வுட் ஹாவ்'. "இஃப் யூ ஹாட் இன்ஃபோர்ம்ட் அஸ், வீ வுட் ஹாவ் ஹெல்ப்ட் யூ." நீங்கள் எழுதியது "நீங்கள் சொல்லியிருப்பீர்களாக இருந்தால், நாங்கள் உதவியிருப்போம்" என்பது போல. விளங்காமல் போகாது. ஆனால் நம் வீட்டுப் பிள்ளை அப்படிக் கதைத்தால் நாம் திருத்துவோம் அல்லவா? முகாமையாளர் செய்ததும் அதுதான். அமெரிக்கர்கள் வாய்ப்பேச்சில் உங்களைப் போலவே சொல்வதைப் படங்களில் கேட்டிருப்பீர்கள். பேச்சுக்குச் சரி. சோதனைத் தாளிலும் கந்தோர்க் கடிதத்திலும் பிழை என்றே போடுவார்கள்.

இந்தப் பிழை பிறக்கும் இடம் எனக்குத் தெரியும். ஆங்கிலேயர் வேகமாகக் கதைக்கும்போது 'ஹாட்', 'வுட்' இரண்டையும் ஒரே 'ட்' ஆகச் சுருக்கிவிடுவார்கள். "இஃப் யூட் டோல்ட் மீ, ஐட் ஹாவ் கம்." இரண்டு பக்கமும் ஒரே சத்தம். கேட்கிறவர் இரண்டுமே 'வுட்' என்று எடுத்துக்கொள்கிறார். அந்த 'ட்'டுக்கு அடுத்து என்ன வருகிறது என்று பார்த்தால் போதும். 'ஹாவ்' வந்தால் அது வுட். 'டோல்ட்', 'கோன்', 'சீன்' என்று வினையின் மூன்றாம் வடிவம் (பாஸ்ட் பார்ட்டிசிபிள்) நேராக வந்தால் அது ஹாட். இன்னொரு சுருக்கமும் உண்டு: 'வுட் ஹாவ்' என்பது 'வுடவ்' ஆகிவிடும். அதைக் கேட்டு 'ஹாவ்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒவ்' (எழுத்தில் ஓ, எஃப்) என்று எழுதுவது ஆங்கிலேயரின் பிள்ளைகளும் செய்கிற பிழை. நமக்கு மட்டும் வெட்கம் இல்லை.

சரி, ஏன் இந்த 'ஹாவ்' எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டு வருகிறது? வுட், குட், ஷுட், மைட் நான்கும் ஒரு காலத்தில் வில், கான், ஷால், மே என்பவற்றின் இறந்தகால வடிவங்கள்தான். போகப் போக அவற்றின் இறந்தகாலம் தேய்ந்து, 'உண்மையில் நடக்காதது', 'பணிவாகக் கேட்பது' என்ற கருத்துகள் ஏறிவிட்டன. "குட் யூ ஹெல்ப் மீ" என்று கேட்பவர் நேற்றைப் பற்றியா கேட்கிறார்? ஆகவே நேற்றைச் சொல்ல வேறொரு சொல் தேவைப்பட்டது. அந்தப் பொறுப்பு 'ஹாவ்'வுக்குப் போனது. வுட், குட் போன்ற துணைவினைக்கு அடுத்து வருவதால் அது உருமாறாது. அவன், அவள், அது, எதுவானாலும் 'ஹாவ்'தான். "ஹி வுட் ஹாஸ் கம்" கிடையாது. "ஹி வுட் ஹாட் கம்"மும் கிடையாது.

'ஹாட் ஹாட்' என்று இரண்டு முறை வருவதைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். 2022இல் பெட்ரோலுக்கு நாள் கணக்காக வரிசையில் நின்றோமே, அப்போது சொன்னது: "பெட்ரோல் இருந்திருந்தால் யாழ்ப்பாணம் போயிருக்கலாம்." இருந்து, இருந்தால். நாமே இரண்டு முறை சொல்கிறோம், ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. "இஃப் வீ ஹாட் ஹாட் பெட்ரோல், வீ குட் ஹாவ் கோன் டு ஜஃப்னா." முதல் ஹாட் இலக்கணத்துக்கு, இரண்டாவது பெட்ரோலுக்கு.

ஒரு எச்சரிக்கை மட்டும். நாம் பேச்சில் சோம்பேறிகள். "நேற்று சொன்னா வந்திருப்பேனே" என்று 'இரு'வை விழுங்கிவிடுவோம். அதை அப்படியே கொண்டுபோய் "இஃப் யூ டோல்ட் மீ யெஸ்டர்டே, ஐ வுட் ஹாவ் கம்" என்று எழுதினால் பாதிக் கால் வெளியே நிற்கும். எழுதும் முன் முழுத் தமிழையும் மனதுக்குள் ஒரு முறை சொல்லிவிடுங்கள்.

ஆக, அமைப்பு நமக்கு ஏற்கெனவே தெரியும். சில்லறைப் பிழைகள் போக, நாம் பெரிதாகத் தடுக்கி விழுவது அமைப்பில் இல்லை. தமிழில் ஒரு சொல் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொற்கள் பங்கு போட்டுக்கொள்ளும் இடத்தில்தான். அதில் முதல் குற்றவாளி 'லாம்'.

இதை நான் கற்றுக்கொண்டது காசு கொடுத்து அல்ல, ஏச்சு வாங்கி. இருபத்து மூன்று வயதில் கோட்டைப் பக்கம் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராகச் சேர்ந்திருந்தேன். வாடிக்கையாளர் ஒருவர் தன் முகவரி மாறியதை அறிவித்தும் நாங்கள் பழைய விலாசத்துக்கே கடிதம் அனுப்புகிறோம் என்று முறைப்பட்டிருந்தார். பணிவாகப் பதில் எழுத வேண்டும். என் மனதில் இருந்த தமிழ் இதுதான்: "நீங்கள் சொல்லியிருக்கலாம் ஐயா, எங்கள் கவனத்துக்கு வராமல் போயிருக்கலாம்." எவ்வளவு தாழ்மையான வாக்கியம்! அதை நான் ஆங்கிலத்தில் "யூ குட் ஹாவ் டோல்ட் அஸ்" என்று தொடங்கினேன். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி வந்தது. மனிதர் கொதித்துப் போயிருந்தார். ஏனென்றால் அவர் வாசித்தது, "எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" நான் எழுத வேண்டியது "யூ மே ஹாவ் டோல்ட் அஸ்". ஒரு சொல்லில் மன்னிப்புக் கடிதம் குற்றப்பத்திரிகையாகிவிட்டது.

'சொல்லியிருக்கலாம்' என்று நாம் சொல்லும்போது மூன்று வேறு மனங்கள் அதற்குள் இருக்கின்றன. சொல்ல வழி இருந்தது, சொல்லவில்லை. அது குட் ஹாவ். சொன்னாரோ இல்லையோ தெரியாது, சொல்லியும் இருக்கக்கூடும். அது மே ஹாவ் அல்லது மைட் ஹாவ். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், சொல்லாதது குறை. அது ஷுட் ஹாவ். இந்தக் குறையைக் குரலை உயர்த்திச் சொன்னால் குட் ஹாவும் மைட் ஹாவும்கூட அதே வேலையைச் செய்யும். தமிழில் நம் முகமும் கடைசியில் வரும் ஏகாரமும் வித்தியாசத்தைக் காட்டிவிடும். கடிதத்தில் முகம் இல்லை.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் உரைகல் இது. 'லாம்' வரும் இடத்தில் 'முடிந்திருக்கும்' போட்டுப் பாருங்கள். பொருந்தினால் குட் ஹாவ். 'ஒருவேளை' சேர்த்தால் பொருந்துகிறதா? மைட் ஹாவ். 'இருக்க வேண்டும், ஆனால் செய்யவில்லை' என்று நீட்டினால் பொருந்துகிறதா? ஷுட் ஹாவ்.

வெள்ளவத்தை ஸ்டேஷனுக்கு ஓடுகிறீர்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் நீங்கள், நடுவில் கோட்டைக்குப் போகும் ரயில் நகர்ந்துகொண்டிருக்கிறது. "ஐந்து நிமிஷம் முந்தி வந்திருந்தால் பிடித்திருக்கலாம்." பிடிக்க முடிந்திருக்கும் என்றுதான் பொருள். ஆகவே "ஐ குட் ஹாவ் கோட் இட்." ஐந்து நிமிஷம் முந்தி வந்திருந்தாலும் மேம்பாலத்தில் கூட்டம் இருந்திருந்தால் பிடித்திருப்பீர்களா என்று உங்களுக்கே சந்தேகம் என்றால், "ஐ மைட் ஹாவ் கோட் இட்." சந்தேகமே இல்லை, சத்தியமாகப் பிடித்திருப்பேன் என்றால் "ஐ வுட் ஹாவ் கோட் இட்." ஷுட் ஹாவ் இங்கே வேறு வாக்கியத்தில் வரும்: "ஐ ஷுட் ஹாவ் லெஃப்ட் ஏர்லியர்." நேரத்தோடு வெளிக்கிட்டிருக்க வேண்டும், கிடக்கட்டும், இனி காலி வீதிக்கு நடந்து நூறாம் நம்பர் பஸ்தான்.

வுட், குட், மைட் மூன்றையும் பழக கிரிக்கெட் கதையைவிட நல்ல பயிற்சி இல்லை. கொழும்பில் எந்தச் சலூனில் உட்கார்ந்தாலும் 'அப்படி நடந்திருந்தால் இப்படி ஆகியிருக்கும்' என்ற இறந்தகால கண்டிஷனல்தான் ஓடிக்கொண்டிருக்கும். 1996 மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ண இறுதியாட்டம். ஆஸ்திரேலியா 241. நாங்கள் 23 ஓட்டங்களுக்கு இரண்டு விக்கெட்டை இழந்து நிற்கிறோம். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 அடித்தார், ஏழு விக்கெட்டால் வென்றோம். இப்போது கேள்வி: அரவிந்த சீக்கிரம் ஆட்டமிழந்திருந்தால்? அவநம்பிக்கைக்காரர் சொல்வார், "இஃப் அரவிந்த ஹாட் கொட் அவுட் ஏர்லி, வீ வுட் ஹாவ் லொஸ்ட்." தோற்றிருப்போம், பேச்சில்லை. நிதானமானவர், "வீ மைட் ஹாவ் லொஸ்ட்." தோற்றிருக்கவும் கூடும். அர்ஜுன ரணதுங்கவின் ரசிகர், "வீ குட் ஸ்டில் ஹாவ் வொன்." அப்போதும் வெல்ல வழி இருந்திருக்கும். மூவரும் ஒரே ஆட்டத்தைத்தான் பார்த்தார்கள். எந்தத் துணைவினை என்பது ஆட்டத்தைப் பற்றியதல்ல, ஆளின் நிச்சயத்தைப் பற்றியது.

எதிர்மறையில் இந்த இடைவெளி இன்னும் அகலமாகும். "வீ மைட் நொட் ஹாவ் வொன்" என்றால் வெல்லாமலும் போயிருக்கலாம். "வீ குட் நொட் ஹாவ் வொன்" என்றால் வென்றிருக்கவே முடியாது. நன்றிக் கடிதங்களில் வரும் "ஐ குட் நொட் ஹாவ் டன் இட் விதவுட் யூ" இரண்டாவது வகை. அங்கே மைட் போட்டால் "நீங்கள் இல்லாவிட்டாலும் ஒருவேளை செய்திருப்பேன்" என்ற வாசல் திறந்துவிடும். நன்றி கெட்ட வாசல்.

மே ஹாவ், மைட் ஹாவ் இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். தெரியாத விஷயத்தை ஊகிக்கும்போது ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் 'இஃப் ... ஹாட்' வந்தபின் ஒன்றல்ல. ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து. "இஃப் ஹி ஹாட் வோர்ன் எ ஹெல்மட், ஹி மைட் ஹாவ் சர்வைவ்ட்." ஆள் இறந்துவிட்டார், தலைக்கவசம் போட்டிருந்தால் பிழைத்திருக்கக்கூடும். "ஹி மே ஹாவ் சர்வைவ்ட்" என்றால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பிழைத்தாரோ என்னவோ, நமக்கு இன்னும் செய்தி வரவில்லை. இரண்டாவதை முதலாவதின் இடத்தில் போடுவதை ஆங்கிலப் பத்திரிகைகளிலேயே காணலாம். எனக்கு அது காதில் கல் மாதிரி. நடக்காமல் போனது உறுதி என்றால் மைட் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 'வேண்டும்'. "அவர் இப்போது வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்." கந்தோரில் ஒருவரைத் தேடுகிறீர்கள், கதிரை காலி, பையும் இல்லை. போயிருக்க வேண்டும் என்பது ஊகம்: "ஹி மஸ்ட் ஹாவ் கோன் ஹோம்." இதே வாக்கியத்தை, காய்ச்சலோடு இன்னும் மேசையில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துச் சொன்னால் குறை: "ஹி ஷுட் ஹாவ் கோன் ஹோம்." முதலாவதில் ஆள் போய்விட்டார், இரண்டாவதில் போகவில்லை. ஒரு சொல் மாறினால் ஆளே இடம் மாறிவிடுகிறார். "யூ மஸ்ட் ஹாவ் இன்ஃபோர்ம்ட் அஸ்" என்று கண்டிப்பாக எழுதுவதாக நினைத்துச் சிலர் எழுதுகிறார்கள். அது "நீங்கள் எங்களுக்கு அறிவித்திருப்பீர்கள், நிச்சயம்" என்று வாடிக்கையாளருக்கே சாட்சி சொல்லும். அந்தக் கடிதம் அவர் கையில் இருந்தால் வழக்கில் நீங்கள் தோற்றீர்கள்.

பழைய புத்தகங்களில் "இஃப் ஐ ஹாட் நோன், ஐ ஷுட் ஹாவ் கம்" என்று வரும். குழம்ப வேண்டாம். பழைய பிரித்தானிய வழக்கில் 'ஐ', 'வீ' இரண்டுக்கும் வுட் இருக்கும் இடத்தில் ஷுட் வரும். வந்திருப்பேன் என்றே பொருள், வந்திருக்க வேண்டும் என்றல்ல. வாசித்தால் புரிந்தால் போதும், எழுத வேண்டாம்.

மூன்றாவது குற்றவாளி, 'இருப்பார்', 'இருக்கும்'. "கடிதம் உங்களுக்குக் கிடைத்திருக்கும்" என்பதை நம்மவர்கள் "யூ வுட் ஹாவ் ரிசீவ்ட் அவர் லெட்டர்" என்று எழுதுகிறார்கள். கொழும்புக் கந்தோர்களில் தினமும் பார்க்கலாம். நம் காதுக்குச் சரியாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் 'கிடைத்திருக்கும்' என்பது கண்டிஷனலுக்கும் ஊகத்துக்கும் பொது. ஆங்கிலத்திலும் அப்படி ஊகமாக வருவது முற்றாக இல்லையென்றல்ல. ஆனால் வெளிநாட்டு வாசகர் 'வுட் ஹாவ்' கண்டதும் ஒரு 'இஃப்'புக்குக் காத்திருப்பார். கிடைத்திருக்கும்... ஆனால் என்ன நடந்தது, தபாலில் போடவில்லையா? ஊகம் என்றால் "யூ வில் ஹாவ் ரிசீவ்ட்" என்று எழுதுங்கள். சந்தேகம் அகலும்.

இதுவரை சொன்னதெல்லாம் நேற்று நடக்காததன் விளைவும் நேற்றோடு முடிந்த கதை. விளைவு இன்றைக்கு இருந்தால்? வெள்ளவத்தையில் வயதானவர்கள் எல்லாருடைய வாயிலும் இருக்கும் ஒரு பெருமூச்சு இது: "அந்தக் காலத்தில் இங்கே ஒரு துண்டுக் காணி வாங்கியிருந்தால், இன்றைக்கு ராசா மாதிரி இருப்பேன்." வாங்கியிருந்தால், ஆனால் 'இருந்திருப்பேன்' அல்ல, 'இருப்பேன்'. ஆங்கிலத்திலும் ஹாவ் விழுந்துவிடும்: "இஃப் ஐ ஹாட் போட் லாண்ட் ஹியர் தென், ஐ வுட் பி ரிச் நவ்." 'நவ்' என்ற சொல் மனதில் இருந்தால் 'ஹாவ்'வை விடுங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இறந்தகாலத்து 'இஃப்' எல்லாமே நடக்காததைச் சொல்வதில்லை. "இஃப் ஹி லெஃப்ட் அட் சிக்ஸ், ஹி மஸ்ட் ஹாவ் ரீச்ட் ஹோம்." ஆறுக்குப் புறப்பட்டாரோ தெரியாது, புறப்பட்டிருந்தால் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார். இங்கே 'ஹாட்' போட்டால் அவர் புறப்படவே இல்லை என்று முடிவு கட்டியதாகிவிடும். தமிழில் 'புறப்பட்டிருந்தால்' இரண்டுக்கும் செல்லும். ஆகவே ஆங்கிலத்தில் 'ஹாட்' போடும் முன் உங்களையே கேளுங்கள்: நடக்கவில்லை என்று எனக்குத் தெரியுமா, தெரியாதா?

இனி உங்கள் கடிதத்துக்கு வருவோம். இலக்கணத்தை மட்டும் திருத்தினால் "இஃப் யூ ஹாட் இன்ஃபோர்ம்ட் அஸ் ஏர்லியர், வீ வுட் ஹாவ் ஹெல்ப்ட் யூ." 'இஃப்'பைத் தூக்கிவிட்டு "ஹாட் யூ இன்ஃபோர்ம்ட் அஸ் ஏர்லியர்" என்று தொடங்கினால் கொஞ்சம் கோட்டு சூட்டுப் போட்ட மாதிரி இருக்கும், பொருள் அதேதான். "ஷுட் யூ ரிக்வயர்" என்று கடிதங்களின் கடைசியில் வருமே, அது இனி நடக்கப்போவதற்கு. இதோடு கலக்க வேண்டாம்.

ஆனால் நான் உங்கள் முகாமையாளராக இருந்தால் இரண்டாவது 'வுட் ஹாவ்'ஐயும் சுழித்திருப்பேன். பிழை என்பதற்காக அல்ல. 'வுட்' என்றால் நிச்சயம் உதவியிருப்போம் என்று எழுத்தில் கொடுக்கிறீர்கள். உண்மையில் நேரத்தோடு சொல்லியிருந்தாலும் விதிமுறை இடம் கொடுத்திருக்குமா? வழி இருந்திருக்கும் என்பது மட்டும் தெரிந்தால் 'குட் ஹாவ்'. அதுவும் நிச்சயமில்லை என்றால் "வீ மைட் ஹாவ் பீன் ஏபிள் டு ஹெல்ப்." கந்தோர்க் கடிதத்துக்கு நான் எடுப்பது இந்தக் கடைசியைத்தான்.

முதல் பாதியிலும் ஒரு முள் இருக்கிறது. 'யூ' என்று தொடங்கி 'ஹாட்' போட்டால், நீங்கள் அறிவிக்கவில்லை என்று விரல் நீட்டுவதாகிறது. அந்த ஆள் ஏற்கெனவே கோபத்தில் இருப்பவர் என்றால், 'யூ'வை எடுத்துவிட்டு நம்மைப் போடுங்கள்: "இஃப் வீ ஹாட் நோன் ஏர்லியர், வீ மைட் ஹாவ் பீன் ஏபிள் டு ஹெல்ப்." எங்களுக்கு முந்தியே தெரிந்திருந்தால் உதவ முடிந்திருக்கலாம். யார் சொல்லவில்லை, யார் கவனிக்கவில்லை என்ற கதையே வராது. கடிதத்தை இப்படி மாற்றி நாளைக்கு மேசையில் வையுங்கள்.